பேர் வாங்கினது ஒருத்தர், ஈ கட்டினது இன்னொருத்தர்

மக்களே, இந்தப் பதிவு மீனைப் பத்தி. ஆனா குழம்பும் இல்ல, வறுவலும் இல்ல. பசியோட வந்தவங்க பொறுத்துக்கணும் :-) இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆறுகளில் திரியும் பிரவுன் டிரவுட் என்ற மீனையும், அதைப் பிடிக்க அந்த ஊர்க்காரர்கள் இறகும் நூலும் வைத்துக் கட்டும் பொய் ஈக்களையும் பற்றிய கதை இது. "இதுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேட்கிறவங்களுக்கு, சம்பந்தம் போகப் போக வரும். ஊட்டி வரும், பாண்டிச்சேரி வரும், கடைசியில இலங்கையும் வரும்.

நான் டிரவுட் பிடித்ததில்லை. புத்தகத்தில் மீன் பிடிக்கிற கோஷ்டி நான். எனக்கு இந்த ஈக்கள் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் அவற்றின் பேர்கள். கிரீன்வெல்ஸ் குளோரி, டப்ஸ் இன்டிஸ்பென்சபிள், லன்ஸ் பர்டிகுலர், அலெக்சாண்ட்ரா... ஏதோ பந்தயக் குதிரைகள் பேர் மாதிரி இருக்கா? ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் ஒரு ஆள் இருக்கிறார். ஆனால் பேரில் இருக்கிற ஆளும், விரல் வலிக்க உட்கார்ந்து கட்டின ஆளும் பல சமயம் வேற வேற. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல்ல, பொய் ஈன்னா என்ன?

நம்ம ஊரில் தூண்டில் போடுகிறவர் மண்புழுவைக் கோப்பார், இல்லாவிட்டால் மாவு உருண்டை. டிரவுட் விஷயம் வேறு. குளிர்ந்த, ஓடுகிற தண்ணீரில் வாழும் இந்த மீனின் சாப்பாட்டில் பெரும்பங்கு நீர்ப்பூச்சிகள். அதில் முக்கியமானது மேஃபிளை குடும்பம். இதன் குஞ்சுப்பருவம் ஆற்றின் அடியில் பல மாதங்கள், சில வகைகளில் 2 வருஷம் கூட, கழிகிறது. பிறகு ஒருநாள் கூட்டமாக மேலே வந்து, தோலை உரித்து, சிறகு விரித்துப் பறக்கும். வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாயே கிடையாது. ஜோடி சேரும், முட்டை இடும், ஓரிரு நாளில் கதை முடிந்தது. மழை விட்ட சாயங்காலம் நம்ம ஊரில் ஈசல் கிளம்புமே, அப்படியே ஆற்றின் மேல் கற்பனை பண்ணிக்கோங்க.

அந்த நேரத்தில் டிரவுட் மேலே வந்து இந்தப் பூச்சிகளை மட்டும் குறி வைத்துத் தின்னும். புழுவைப் போட்டால் சீண்டக்கூட மாட்டேன் என்கிறது. நிஜப்பூச்சியைக் கோக்கலாம் என்றால், தொட்டாலே நசுங்கிப் போகும். அதனால்தான் முள்ளில் பட்டுநூல் சுற்றி, கோழி இறகை வளைத்துக் கட்டி, பூச்சி மாதிரி ஒன்றைச் செய்கிறார்கள். இதுதான் ஃபிளை. எடையே இல்லாத இதை எப்படி வீசுவது? அதற்காகக் கயிற்றையே கனமாகச் செய்து, சாட்டை மாதிரி வீசுவார்கள். கயிறு போகும், ஈ பின்னாலேயே போகும்.

மீனுக்கே எத்தனை பேர்!

பேர்க் குழப்பம் மீனிலிருந்தே ஆரம்பிக்கிறது. 1758ல் லின்னேயஸ் கடலுக்குப் போய் வரும் டிரவுட்டை ஓர் இனம் என்றும், ஓடையிலேயே இருப்பதை வேறு இனம் என்றும் பேர் வைத்தார். 19ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஆல்பர்ட் குந்தர் இன்னும் பல துண்டாகப் பிரித்தார். ஏரிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று தனித்தனி இனங்கள். காரணம் இல்லாமல் இல்லை. பிரவுன் டிரவுட் ஒவ்வொரு தண்ணீரிலும் ஒவ்வொரு நிறம். ஒன்று வெள்ளி மாதிரி மின்னும், ஒன்று சிவப்புப் பொட்டு வைத்த பித்தளை மாதிரி இருக்கும், இன்னொன்று கருகருவென்று.

இதை எதிர்த்து, "எல்லாமே ஒரே மீன்தான், தண்ணிக்குத் தகுந்த மாதிரி மாறுது" என்று வாதாடியவர் ஃபிரான்சிஸ் டே. பேரைக் கேட்டதும் நம்ம மீன்வள ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மெட்ராஸ் ராணுவத்தில் டாக்டராக வேலைக்கு வந்து, இந்திய மீன்களைப் பற்றி 1875 முதல் 1878 வரை பெரிய புத்தகம் வெளியிட்ட அதே டேதான். 1860களில் இங்கிலாந்து டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்து முடியாமல் போனவரும் இவர்தான். (ஊட்டிப் பக்கம் டிரவுட் வேர் பிடித்தது 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எச்.சி.வில்சன் என்பவர் காலத்தில். அதுவும் பிரவுன் இல்லை, ரெயின்போ டிரவுட்.) டே ஊர் திரும்பி 1887ல் பிரிட்டன், அயர்லாந்து டிரவுட் வகைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில், அத்தனையும் ஒரே இனம் என்றார். இன்றைக்கும் பெரும்பாலும் அதுதான் ஏற்பு. கடலுக்குப் போகிற சீ டிரவுட்டும் ஓடையை விட்டு நகராத பிரவுன் டிரவுட்டும் ஒரே சால்மோ ட்ரூட்டாதான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று கடலுக்குப் போகும், ஒன்று வீட்டோடு இருக்கும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அயர்லாந்தில், வடக்குக்கும் குடியரசுக்கும் எல்லையில், லாஃப் மெல்வின் என்று ஓர் ஏரி. அங்கே மீன் பிடிக்கிற ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே ஏரியில் மூன்று டிரவுட் இருப்பதாகச் சொல்லிவந்தார்கள். ஒன்று கில்லரூ. ஐரிஷ் மொழியில் "சிவப்புப் பையன்" என்று பொருள். நத்தை தின்றே இரைப்பைச் சுவர் தடித்துப்போனது. இரண்டாவது சோனகன். ஏரி நடுத்தண்ணீரில் நுண்ணுயிர் தின்பது, கறுத்த துடுப்பு. மூன்றாவது ஃபெராக்ஸ், மற்ற மீன்களைத் தின்னும் பெரிசு. டே சொன்னபடி பார்த்தால் இதெல்லாம் சும்மா நிற வித்தியாசம். ஆனால் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஃபெர்குசன் குழு மரபணு ரீதியாக ஆராய்ந்தபோது, ஒரே ஏரியில் வாழ்ந்தாலும் மூன்றும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்று தெரிந்தது. கில்லரூ முட்டையிடுவது ஏரியிலிருந்து வெளியேறும் ஆற்றில். சோனகனுக்கு ஏரிக்கு வரும் சின்ன ஓடைகள். ஃபெராக்ஸுக்கு உள்ளே வரும் பெரிய ஆற்றின் கீழ்ப்பகுதி. ஆளுக்கு ஒரு தெரு.

யோசித்துப் பாருங்கள். மியூசியம் சண்டை போட்டுக் கொண்டிருந்த காலம் முழுக்க, பரிசல்காரனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவன் வைத்த பேர் நிலைத்தது. ஆனால் அவன் பேர் என்ன? அது எந்த ஏட்டிலும் இல்லை. இந்த எண்ணத்தோடு ஈக்கள் பக்கம் வந்தால் அங்கேயும் இதே கதை.

நன்றி போடாத காப்பி

ஈ கட்டி மீன் பிடிப்பதைப் பற்றிய பழைய குறிப்பு, சுமார் 1800 வருஷத்துக்கு முந்தைய ஏலியன் என்ற ரோமானியருடையது. மாசிடோனியாவில் ஆஸ்ட்ரேயஸ் என்ற ஆற்றில், முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூல் கட்டி, சேவலின் இறகு இரண்டை வைத்து, பொட்டுப்பொட்டான மீனைப் பிடிக்கிறார்கள் என்று எழுதினார். எழுதினவர் பேர் இருக்கிறது. கட்டின மாசிடோனியர் பேர் இல்லை.

ஆங்கிலத்தில் முதல் அச்சுப் பட்டியல் 1496ல் வருகிறது. விங்கின் டி வோர்ட் என்ற அச்சுக்காரர், வேட்டை பற்றிய ஒரு பழைய தொகுப்பை மறுபடி போடும்போது தூண்டில் பற்றிய ஒரு கட்டுரையையும் சேர்த்தார். அதில் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை மாதவாரியாக 12 ஈக்கள், கட்டும் முறையோடு. எழுதியது ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிமடத் தலைவி என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். ஆனால் அந்தப் பேர் 1486ல் வந்த முதல் பதிப்பின் வேட்டைப் பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. தூண்டில் கட்டுரையில் பேரே இல்லை. அவர் தலைவியாக இருந்ததாகச் சொல்லப்படும் சோப்வெல் மடத்து ஆவணங்களிலும் அப்படி ஒருவர் தட்டுப்படவில்லை. ஆக, எழுதினவருக்குப் பேர் இல்லை, எழுதாதவருக்குக் கிடைத்திருக்கிறது.

அதைவிடச் சுவாரசியம், 1653ல் ஐசக் வால்டன் எழுதிய புகழ்பெற்ற தூண்டில் புத்தகம். அதிலும் 12 ஈக்கள். பெரும்பாலும் அந்த 1496 பட்டியலே, இடையில் வந்த இன்னொரு புத்தகத்தின் வழியாகக் கை மாறி வந்தது. 150 வருஷத்துக்கு மேல் தாண்டிய காப்பி-பேஸ்ட்! நம்ம பதிவை நன்றி போடாமல் சுடுகிறவர்களுக்கு இவர்தான் முப்பாட்டனார் போல :-) ஆனால் நல்ல மனுஷன். 1676ல் தன் நண்பர் சார்லஸ் காட்டனை இரண்டாம் பாகம் எழுத வைத்தார். காட்டன் ஆற்றங்கரையிலேயே வாழ்ந்தவர், 60க்கும் மேற்பட்ட ஈக்களைக் கொடுத்தார்.

சாமியாரின் புகழ், ரைட்டின் விரல்

இப்போது தலைப்புக்கு வருவோம். கிரீன்வெல்ஸ் குளோரி, அதாவது "கிரீன்வெல்லின் புகழ்", டிரவுட் ஈக்களில் மிகப் பிரபலமான ஒன்று. வில்லியம் கிரீன்வெல் டர்ஹம் தேவாலயத்துப் பாதிரியார், தொல்பொருள் ஆய்வாளரும் கூட. நார்ஃபோக்கில் உள்ள கிரைம்ஸ் கிரேவ்ஸ் பள்ளங்கள் கற்காலத்துச் சக்கிமுக்கிக்கல் சுரங்கங்கள் என்று 1870 வாக்கில் தோண்டிக் காட்டியவர். 97 வயது வரை வாழ்ந்து 1918ல் இறந்தார்.

1854ல் ஸ்காட்லாந்து எல்லையில் ட்வீட் ஆற்றில் மீன் பிடிக்கிறார். மீன் மேலே வந்து எதையோ தின்கிறது, இவர் ஈயை மட்டும் தொடவில்லை. அது தின்கிற பூச்சியைப் பிடித்து எடுத்துக்கொண்டு, ஸ்ப்ரௌஸ்டன் கிராமத்தில் இருந்த ஜேம்ஸ் ரைட் என்ற ஈ கட்டுபவரிடம் போனார். மெழுகு தடவிய மஞ்சள் பட்டுநூல் உடம்பு, கரும்பறவை இறகில் சிறகு, நடுவில் கறுப்பும் ஓரத்தில் செம்பழுப்புமான கோழி இறகில் கால்கள். மறுநாள் மீன் கொத்துக்கொத்தாக. அந்தச் சந்தோஷ விருந்தில் வைத்த பேர்தான் இது என்பார்கள்.

கவனித்துப் பார்த்து, என்ன வேண்டும் என்று சொன்னது கிரீன்வெல். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மெழுகு தடவினால் மஞ்சள் நூல் நனைந்ததும் எந்தப் பச்சையாகும், இறகு எத்தனை சுற்று சுற்றினால் தண்ணீரில் சரியாக நிற்கும், இதெல்லாம் ரைட்டின் விரலுக்குத் தெரிந்த கணக்கு. அவர் பிழைப்பே அதுதான். 170 வருஷமாகக் கடையில் கேட்கிறவர் "ஒரு கிரீன்வெல் கொடுங்க" என்கிறார். "ஒரு ரைட் கொடுங்க" என்று யாரும் கேட்பதில்லை.

கடா ஆட்டு ரகசியம்

அடுத்தது கொஞ்சம் ஏடாகூடம். டெவன் பகுதி டிவர்ட்டன் ஊரில் ஆஸ்டின் என்று ஒரு புகையிலைக் கடைக்காரர். 1900 வாக்கில் அவர் கட்டிய ஓர் ஈ, தண்ணீரில் நனைந்ததும் நிஜப்பூச்சி மாதிரி இளஞ்சிவப்பாக மின்னியது. மீன் விழுந்தடித்துக்கொண்டு வந்தது. உடம்புக்கு எந்த ரோமம்? வெளியே சொல்லவில்லை. ஜி.ஈ.எம்.ஸ்கூஸ் என்ற வக்கீலுக்கு மட்டும் ரகசியத்தைச் சொன்னார். விஷயம் இதுதான்: கடா ஆட்டின் விதைப்பையில் வளரும் மென்மையான ரோமம், அதோடு வேறு சில மிருக ரோமக் கலவை. "டப்" என்றால் கடா. "கடாவுக்கு இன்றியமையாதது" என்று குறும்பாகப் பேர் வைத்தது ஸ்கூஸ். சபையில் சிரிக்காமல் சொல்ல முடிகிற மாதிரி கெட்ட வார்த்தை :-)

ஆஸ்டினுக்குப் பிறகு அவர் மகள் அந்தத் தொழிலை நடத்தினார். ரகசியம் அவர் சோறு. அவர் தொழிலை விடும் வரை ஸ்கூஸ் வாயைத் திறக்கவில்லை. 1930களில்தான் செய்முறையை வெளியிட்டார். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு ஸ்கூஸ் மேல் மரியாதை. பத்திரிகையில் எழுதிப் பேர் வாங்க அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பு கெடும் என்று சுமார் 30 வருஷம் சும்மா இருந்தார்.

பேர் வேண்டாம் என்றவர்

எல்லாரும் பேருக்கு அலைந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. தென் இங்கிலாந்தில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊற்றெடுக்கும் தெளிந்த ஆறுகள் உண்டு. டெஸ்ட், இட்சென் இரண்டும் பிரபலம். அங்கே 1886ல் ஃபிரடெரிக் ஹால்ஃபோர்டு, மிதக்கும் ஈக்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அடுத்த 50 வருஷத்துக்கு அந்த ஆறுகளில் அதுதான் வேதம். அதன் அறிவில் பெரும்பகுதி ஜார்ஜ் செல்வின் மேரியட் என்பவருடையது. இருவரும் 1879ல் வின்செஸ்டரில் ஒரு தூண்டில் கடையில் சந்தித்தார்கள். சேர்ந்தே பூச்சி பிடித்தார்கள், சேர்ந்தே கட்டிப் பார்த்தார்கள். அட்டையில் உங்கள் பேரையும் போடுகிறேன் என்றதற்கு மேரியட் மறுத்துவிட்டார். 1896ல் இறந்தும் போனார்.

பிறகு நடந்தது வேடிக்கை. ஹால்ஃபோர்டின் சீடர்கள், மிதக்கிற ஈதான் கனவான்களுக்கு அழகு, மற்றதெல்லாம் மட்டம் என்று சட்டமே போட்டார்கள். அதே ஸ்கூஸ் 1910ல் ஒரு புத்தகம் எழுதி, "அய்யா, மீன் பாதி நேரம் தண்ணிக்கு அடியில இருக்கிற குஞ்சுப்பூச்சியைத்தான் தின்னுது, வயித்தைக் கிழிச்சுப் பாருங்க" என்கிற அர்த்தத்தில் சொன்னார். சண்டை ஓயவில்லை. 1938ல் லண்டன் ஃபிளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்காகவே ஒரு விவாத மேடை. 80 வயதை நெருங்கிய ஸ்கூஸைக் கூண்டில் ஏற்றாத குறை.

தீர்ப்பு மேடையில் வரவில்லை, ஆற்றில் வந்தது. ஏவன் நதியில் நெதரேவன் பக்கம் 1928லிருந்து ஆற்றுக் காவலராக இருந்தவர் ஃபிராங்க் சாயர். களை வெட்டுவது, சேறு அள்ளுவது, கரை கட்டுவது அவர் வேலை. தினமும் ஆற்றிலேயே கிடந்ததால் குஞ்சுப்பூச்சி எப்படி நீந்துகிறது என்பது அவருக்கு அத்துப்படி. அவர் கட்டிய ஈயில் நூலே இல்லை. ஃபெசன்ட் பறவையின் வால் இறகு நாலைந்து இழை, மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். கம்பியே நூல், கம்பியே எடை. உலகம் பூரா இன்றைக்கும் டிரவுட் பிடிக்கிற ஈ அது. அவரை எழுதச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர்களில் ஸ்கூஸும் ஒருவர். 1952லும் 1958லும் புத்தகங்கள் வந்தன. 1980ல் அதே ஆற்றங்கரையில் சாயர் உயிர் பிரிந்தது. அவருக்கு முன் டெஸ்ட் நதியில் ஹௌட்டன் கிளப்பின் காவலர் வில்லியம் லன் பேரில் "லன்ஸ் பர்டிகுலர்" நின்றது போல, கைவேலைக்காரர் பேரே நிலைத்த அபூர்வ இடங்கள் இவை. அதிலும் சாயருடைய ஈயை இன்று பலர் "பி.டி." என்று இரண்டெழுத்தில் முடித்துவிடுகிறார்கள். சாயர் உதிர்ந்துவிட்டார்.

நம்ம காட்டுக்கோழி

பேரில்லாத பங்குதாரர் இன்னொருவர் உண்டு: பறவை. அலெக்சாண்ட்ரா ஈக்கு இளவரசி பேர், ஆனால் சிறகு மயிலிறகு. கோச்மேன் ஈயின் உடம்பும் மயிலிறகு இழைதான். டங்கெல்ட் ஈயின் கன்னத்தில் மஞ்சள் மெழுகு சொட்டு மாதிரி மின்னும் புள்ளி, நம்ம மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. அந்தச் சேவலுக்கு அறிவியல் பேர் கேலஸ் சோனராட்டி. பாண்டிச்சேரிக்கு வந்துபோன பிரெஞ்சு இயற்கையாளர் சோனரா நினைவாக வைத்தது. அதிலும் வந்தவர் பேர்தான்! இறகுக்காக வேட்டை அதிகமானதால் 1902ல் இந்திய அரசு காட்டுப்பறவை இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. இப்போது வெளிநாடுகளில் கூண்டில் வளர்க்கும் காட்டுக்கோழிகளின் இறகை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

இப்ப யார் கட்டுறாங்க?

இன்றைக்கு பிரிட்டனில் ஒரு கடைக்குப் போய் கிரீன்வெல்ஸ் குளோரி வாங்கினால், அதைக் கட்டினவர் பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரராக இருக்கமாட்டார். கென்யாவில், தாய்லாந்தில், இலங்கையில் இதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன. வரிசையாக உட்கார்ந்து, கண்ணுக்குப் பக்கத்தில் முள்ளைப் பிடித்து, ஒரு நாளைக்கு டஜன் டஜனாகக் கட்டுகிறார்கள். அவர்களில் பலர் வாழ்நாளில் ஒரு பிரவுன் டிரவுட்டை நேரில் பார்த்திருக்கமாட்டார்கள். பொட்டலத்தின் மேல் பாதிரியார் பேர் இருக்கும், கடைக்காரர் பேர் இருக்கும், விலை இருக்கும்.

கிரீன்வெல் பேரை அழிக்கணும்னு நான் சொல்லவில்லை. பூச்சியைக் கூர்ந்து பார்த்தது அவர் கண். ஆனால் அந்த ஈயைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ஜேம்ஸ் ரைட் பேரையும் சேர்த்துச் சொல்லுவோமே, ஒரு நொடி கூட ஆகாது. டப்ஸ் என்றால் ஆஸ்டினும் மகளும், ஹால்ஃபோர்டு என்றால் மேரியட். வரலாறு என்பதே பாதி நேரம் இப்படி விட்டுப்போன பேரைப் பக்கத்தில் எழுதிவைக்கிற வேலைதானே?

நம்ம பக்கமும் இது மாதிரி எத்தனையோ இருக்கும். ஜமீன்தார் பேரில் ஒரு மாம்பழ ரகம், ஒட்டுக் கட்டின தோட்டக்காரர் யார்? முதலாளி பேரில் ஒரு சேலை, அந்தப் புட்டாவை முதலில் போட்ட நெசவாளி யார்? உங்க ஊரில் அப்படி விட்டுப்போன பேர் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்க மக்களே. மீன் பேரா இருந்தா ரொம்ப சந்தோஷம். கூடவே குழம்பு வைக்கிற விதமும் சொன்னா இன்னும் சந்தோஷம் :-)